பிரதேச செயலகத்தில் உளநல, குடும்ப சேவை வேலை: யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

வலிகாமத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் உளவளத்துணை (கவுன்சிலிங்) உத்தியோகத்தராக 14 வருடமாக இருக்கிறேன். உயர்தரம் முடித்த பிள்ளைகள், கம்பஸ் முடித்துவிட்டு வீட்டில் இருப்பவர்கள், அவர்களுடைய அம்மாமார் எல்லாரும் கோயில் வாசலிலும் கலியாண வீட்டிலும் பிடித்து நிறுத்தி இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அவசரத்தில் அரைகுறையாகச் சொல்லுவதை விட ஆறுதலாக ஒரு தரம் எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

இது பிரதேச சபை வேலையா, பிரதேச செயலக வேலையா?

முதலில் இதைத் தெளிவாக்க வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் வேறு கந்தோர் வாசலில் போய் நின்றுவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள். பிரதேச சபை, நகர சபை, மாநகர சபை எல்லாம் நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்கிற உள்ளூராட்சி மன்றங்கள். யாழ் மாவட்டத்தில் அப்படி 17 இருக்கின்றன: யாழ்ப்பாண மாநகர சபை, சாவகச்சேரி, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை நகர சபைகள், மிச்சம் 13 பிரதேச சபைகள். தெரு, வீதி விளக்கு, குப்பை, சந்தை, நூலகம், சில இடங்களில் முன்பள்ளி, இவைதான் அவற்றின் பெரும்பங்கு வேலை. பிரதேச செயலகம் வேறு. அது மத்திய அரசாங்கத்தின் நிர்வாகக் கந்தோர். மாவட்டத்தில் 15 இருக்கின்றன, நெடுந்தீவிலிருந்து மருதங்கேணி வரைக்கும், அவற்றின் கீழே 435 கிராம அலுவலர் பிரிவுகள். குடும்பம், பெண்கள், சிறுவர், உளவளத்துணை என்ற வேலைகளில் பெரும்பாலானவை இங்கேதான் நடக்கின்றன. ஊரில் எல்லாவற்றையும் சேர்த்து 'உள்ளூர் அரசாங்கம்' என்று சொல்லிவிடுகிறோம், விண்ணப்பம் போடும்போது அந்தக் குழப்பம் வினையாகிவிடும்.

இன்னும் இரண்டு வாசல்கள் உண்டு. நன்னடத்தை உத்தியோகத்தர்கள் மாகாண சபையின் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தின் ஆட்கள், அவர்களுக்கு நீதிமன்றத்தோடு நெருங்கிய வேலை. மற்றது சுகாதாரப் பக்கம், அதாவது ஆஸ்பத்திரி உளநலப் பிரிவும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும்.

செயலகத்துக்குள் என்னென்ன பதவிகள் இருக்கின்றன?

உளவளத்துணை உத்தியோகத்தர், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர், சமூக சேவை உத்தியோகத்தர். இவர்களோடு தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் உத்தியோகத்தரும் பல செயலகங்களில் இருப்பார், அந்த அதிகாரசபை 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. பெயரைப் பார்த்தால் ஆளுக்கொரு வேலை போலத் தெரியும். ஆனால் ஒரு வீட்டுக்குள் போனால் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டுதான் கிடக்கும். பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை என்று சிறுவர் உரிமை உத்தியோகத்தர் போவார், அங்கே தகப்பன் குடிக்கிறார் என்று தெரியவரும், தாய்க்கு அடி விழுகிறது என்று அதற்குப் பிறகு தெரியவரும், தாய் மூன்று மாதமாக நித்திரை கொள்ளவில்லை என்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வரும். ஒரே மேசையைச் சுற்றி இருந்து கதைக்கிற ஐந்து பேர் இருக்கிற கந்தோரில் அந்தக் குடும்பம் பிழைக்கும். ஆளுக்கொரு கோவை (பைல்) வைத்துக்கொண்டு தனித்தனியே போகிற கந்தோரில் அந்தத் தாய் ஒரே கதையை ஐந்து தரம் சொல்ல வேண்டிவரும்.

உளவியல் பட்டம் கட்டாயமா?

எல்லாப் பதவிக்கும் இல்லை. அரசாங்க வர்த்தமானி அறிவித்தலில் எந்தப் பட்டம், என்ன வயது என்று தெளிவாகப் போட்டிருப்பார்கள், அதைத்தான் நம்ப வேண்டும், பக்கத்து வீட்டு அண்ணா சொன்னதை இல்லை. உளவியல், சமூகப்பணி, சமூகவியல் படித்தவர்களுக்கு உளவளத்துணைப் பக்கம் வழி இலகு. கலைப்பீடத்தில் வேறு பாடம் படித்துவிட்டு அபிவிருத்தி உத்தியோகத்தராக உள்ளே வந்து, பிறகு இந்தப் பக்கம் ஒதுக்கப்பட்டு, விருப்பத்தோடு பழகிக்கொண்ட நல்ல ஆட்களையும் எனக்குத் தெரியும். முறையாகப் படிக்க விரும்பினால் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் சமூகப்பணிப் பட்டமும் உளவளத்துணை டிப்ளோமாவும் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் இந்தத் துறைக்கு ஆள் வளர்த்ததில் 1987இல் தொடங்கிய சாந்திகம் என்ற உளவளத்துணை நிலையத்துக்குப் பெரிய பங்கு உண்டு, மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் போருக்கு நடுவிலேயே இங்கே உளநல வேலையை நடத்திக் காட்டினார்கள்.

என்னைக் கேட்டால் சான்றிதழுக்கு முதலே ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஆள் அழும்போது உங்களுக்கு உடனே ஏதாவது சொல்ல வேண்டும் போல வாய் உன்னுகிறதா? அதை அடக்கி இருக்கப் பழகலாம், எனக்கு இரண்டு வருடம் எடுத்தது.

எப்படி விண்ணப்பிப்பது? யாரையாவது பிடிக்க வேணுமா?

யாரையும் பிடிக்க வேண்டாம். வெள்ளிக்கிழமைகளில் வருகிற வர்த்தமானியைப் பாருங்கள், மாகாணப் பதவிகளுக்கு மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவின் அறிவித்தலைப் பாருங்கள். எழுத்துப் பரீட்சை, பிறகு நேர்முகம். காசு கேட்டு யாராவது வந்தால் விலகிப் போங்கள். சேர்ந்த பிறகு தகுதிகாண் காலம், வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சை, இரண்டாம் மொழித் தேர்ச்சி எல்லாம் இருக்கின்றன.

சிங்களத்தைப் பற்றித் தனியாகக் கேட்கிறார்கள். எங்கள் வேலை முழுக்கத் தமிழில்தான் நடக்கிறது, ஆனால் பயிற்சி கொழும்பில், சுற்றறிக்கை பல சிங்களத்தில், பொலிஸில் முறைப்பாடு எழுதுகிறவருக்குச் சில வேளை தமிழ் வராது. ஒரு பெண் நடுங்கிக்கொண்டு சொன்ன வசனம் வேறு மொழியில் பிழையாகப் பதியப்படுகிறதா என்று பக்கத்தில் நின்று வாசித்துப் பார்க்கத் தெரிந்தால் அது அவளுக்கு எவ்வளவு பெரிய உதவி. அதற்காகவேனும் படியுங்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

காலையில் விரலடையாளம் வைத்துவிட்டு உள்ளே போனால் வாசலில் இரண்டு பேர் இருப்பார்கள். பாதி நாள் கந்தோர், பாதி நாள் வெளிக்களம் என்று திட்டத்தில் எழுதுவோம். அஸ்வெசும (அரசாங்க உதவிக் கொடுப்பனவு) முறையீடு, நடமாடும் சேவை, கூட்டம் என்று வந்தால் எங்களையும் அங்கே இழுத்துவிடுவார்கள், அந்த நாட்களில் எங்கள் வேலை பின்னேரத்துக்குப் போய்விடும்.

நான் இருக்கும் அறை உண்மையில் அறை இல்லை. பெரிய மண்டபத்தின் மூலையை இரண்டு இரும்பு அலுமாரியும் ஒரு பலகைத் தட்டியும் வைத்து மறைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் போட்டோக் கொப்பி மெஷின். ஆரம்பத்தில் வருகிறவர்களை எனக்கு முன்னால், வழியைப் பார்த்தபடி இருத்தினேன், ஒருத்தரும் வாயே திறக்கவில்லை. பிறகுதான் விளங்கியது, போய்வருகிறவர்கள் எல்லாருக்கும் அவர்களின் முகம் தெரிகிறது. கதிரையைத் திருப்பி, முதுகு வழிப்பக்கமும் முகம் சுவர்ப்பக்கமும் இருக்கும்படி போட்டேன். இன்னும் கஷ்டமான கதை என்றால் 'வாங்கோ அம்மா, வெளியில காத்தாட இருப்பம்' என்று பின்னுக்கு வேப்பமரத்தடி வாங்குக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். மெஷின் சத்தமும் இல்லை, அலுமாரிக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்ற பயமும் இல்லை.

ஒரு அம்மா மூன்று தரம் வந்து மூன்று தரமும் நெஞ்சு அடைக்கிறது, தலையிடி, உடம்பு உளைகிறது, பெருமூச்சு வருகிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் சனத்துக்கு 'எனக்கு மனம் சரியில்லை' என்று வாயால் சொல்ல வராது, உடம்பு வழியாகத்தான் கதைப்பார்கள். நாலாம் தரம் எழும்பிப் போகப் போனவர் பிளாஸ்டிக் பைலைத் திறந்து ஒரு பாஸ்போட் சைஸ் படத்தை எடுத்து மேசையில் வைத்தார். மகனுடைய படம். அன்றைக்கு அதற்கு மேல் ஒன்றும் கதைக்கவில்லை. படத்தைத் திரும்ப எடுத்துத் துடைத்து வைத்துவிட்டு 'வாற புதன் வரட்டோ' என்று கேட்டார்.

நீங்கள் டொக்டரா? மருந்து கொடுப்பீர்களா?

இல்லை. மருந்து எழுதுவது மனநல மருத்துவரும் உளநல வைத்திய அதிகாரியும். நாங்கள் கேட்போம், கதைப்போம், மருந்து தேவைப்படும் என்று தெரிந்தால் யாழ் போதனா வைத்தியசாலைக்கோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்கோ அனுப்புவோம், தேவை என்றால் கூடப் போவோம். அனுப்புகிறதுதான் கஷ்டம். 'என்னை விசர் எண்டு நினைச்சிட்டியளோ?' என்று எழும்பிவிடுவார்கள். ஆகவே முதல் நாளே ஆஸ்பத்திரிப் பெயரை எடுக்காதீர்கள். நூல் கட்டினோம், நேர்த்தி வைத்தோம், சாத்திரம் பார்த்தோம் என்று சொன்னால் சிரிக்காதீர்கள், குறுக்கே பேசாதீர்கள். கோயிலையும் பாருங்கோ, கிளினிக்கையும் பாருங்கோ என்று சொன்னால் வருகிறார்கள். கோயிலை விட்டுவிட்டு வா என்றால் இரண்டுக்கும் வரமாட்டார்கள்.

கிளினிக் கொப்பியை வாசிக்கப் பழகுங்கள். மாதத்துக்கு ஒரு ஊசி போடுகிற ஆள் ஒரு மாதம் தவறவிட்டால் வீட்டில் சண்டை தொடங்கும், ஊருக்குச் சண்டை மட்டும்தான் தெரியும். சண்டைக்குக் காரணம் ஒரு பஸ் ஓடாததாகக்கூட இருக்கும்.

சின்ன ஊரில் இரகசியம் காக்க முடியுமா?

இந்த வேலையின் உயிரே இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். இங்கே எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வகையில் சொந்தம். நீங்கள் யாருடைய மகள், எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கோயிலடி என்று முதல் ஐந்து நிமிடத்தில் அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், கண்டுபிடித்த பிறகு 'இவ போய் மாமியிட்ட சொல்லுவாவோ' என்று அளப்பார்கள். ஒரு தரம் உங்கள் வாயிலிருந்து ஒரு கதை கசிந்தால் அந்தக் கிராம அலுவலர் பிரிவில் இருந்து அதற்குப் பிறகு ஒருத்தரும் வரமாட்டார்கள்.

எங்கள் கந்தோர் ஸ்டிக்கர் ஒட்டிய ஸ்கூட்டியை ஒருவர் வீட்டுப் படலைக்கு முன்னால் நிற்பாட்டினால், அன்று பின்னேரத்துக்குள் ஒழுங்கை முழுக்க விசாரணை நடக்கும். நான் சந்தியில் நிற்பாட்டிவிட்டு நடப்பேன். அல்லது குடும்ப நல உத்தியோகத்தரோடு போவேன். மிட்வைஃப் மிஸ் குழந்தை நிறை பார்க்க எல்லா வீட்டுக்கும் போகிறவர், அவரோடு போனால் ஒருத்தருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. ஒரு வீட்டுக்குள் போக முதல் பக்கத்து இரண்டு வீட்டிலும் முன்பள்ளி விசயமாக ஏதாவது கேட்டுவிட்டுப் போவதும் உண்டு. சந்தையில் அந்த ஆளைக் கண்டால் நானாகப் போய்க் கதைப்பதில்லை, அவர் சிரித்தால் சிரிப்பேன். இதை முதல் சந்திப்பிலேயே அவருக்குச் சொல்லிவைத்தும்விடுவேன், இல்லாவிட்டால் 'மிஸ் கண்டும் காணாத மாதிரிப் போறா' என்று மனம் நொந்துவிடுவார்.

இரகசியத்துக்கும் எல்லை உண்டு. பிள்ளைக்கு ஆபத்து, உயிருக்கு ஆபத்து என்றால் மறைக்க முடியாது. அதையும் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். பிறகு சொன்னால் துரோகம் மாதிரிப் போய்விடும்.

அடி வாங்கிய பெண் வந்தால் சமாதானம் பேசி அனுப்புவீர்களா?

நாங்கள் விதானையார் இல்லை, ஊர்ப் பெரியவரும் இல்லை. 'பிள்ளையளுக்காகப் பொறுத்துப் போ' என்று சொல்ல ஊரில் ஏற்கனவே நிறையப் பேர் இருக்கிறார்கள், அரசாங்கச் சம்பளத்துக்கு இன்னொருவர் தேவையில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், முதலில் 14 நாளைக்கு இடைக்காலக் கட்டளை, பிறகு 12 மாதம் வரைக்கும் கட்டளை கிடைக்கும். இதற்குக் கலியாணத்தை முறிக்க வேண்டியதில்லை, கன பெண்களுக்கு இது தெரியாது. இரண்டு பேரும் உளவளத்துணைக்குப் போக வேண்டும் என்று நீதிமன்றமே சொல்லவும் முடியும், அப்படிச் சொன்னால் கோவை எங்கள் மேசைக்கு வரும். பிள்ளைகளுக்கும் தனக்கும் செலவுக் காசு வேண்டுமென்றால் 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம்.

அவள் அன்றைக்கே வழக்குப் போட மாட்டாள். திரும்பி வீட்டுக்குத்தான் போவாள். அதற்காகக் கோபப்பட்டு 'நான் சொன்னதைக் கேக்கேல்லை' என்று கைவிடுகிறவர்களுக்கு இந்த வேலை சரிவராது. அடுத்த தரம் இரவில் ஓடிவர வேண்டியிருந்தால் எங்கே போவாள், அடையாள அட்டையும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரமும் எங்கே இருக்கின்றன, யாருடைய இலக்கம் மனப்பாடம், இவற்றை அன்றைக்கே கதைத்துவிடுங்கள். 1938 பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம், 1929 சிறுவர்களுக்கானது. சின்னத் துண்டில் எழுதிக் கொடுக்காதீர்கள், வீட்டில் கண்டால் அதற்கும் அடி. வாயால் சொல்லிப் பாடமாக்க வையுங்கள்.

போர் முடிந்து இவ்வளவு காலம். இன்னும் அந்தப் பிரச்சினைகள் வருகின்றனவா?

வருகின்றன. ஆனால் 'போரால் வந்தது' என்று பெயர் போட்டுக்கொண்டு வராது. 2009இல் மூன்று வயதாக இருந்த பிள்ளை இப்போது தானே தாய்தகப்பனாகும் வயதுக்கு வந்துவிட்டது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகளில் மனைவி பொட்டு வைப்பதா விடுவதா என்பதே இன்னும் முடியாத கேள்வி. 2016இல் வந்த சட்டத் திருத்தத்தால் இறப்புச் சான்றிதழ் எடுக்காமல் காணாமற்போனமைக்கான சான்றிதழ் எடுக்க வழி வந்தது. காணி, வங்கி அலுவல்களுக்கு அது உதவும். அதை எடுக்கச் சொல்லி ஒரு தாயை நெருக்க எங்களுக்கு உரிமை இல்லை. எடுப்பதும் விடுவதும் அவருடைய முடிவு, படிவம் நிரப்பக் கை நடுங்கினால் பக்கத்தில் இருக்கலாம், அவ்வளவுதான்.

இப்போது வருகிற கோவைகளில் போதைப்பொருள், நுண்கடன், வெளிநாட்டில் இருக்கும் கணவனோடு போனிலேயே நடக்கும் குடும்பம், இவை கூடிவிட்டன.

சாக வேணும் என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வீர்கள்?

நேரே கேட்பேன். 'அப்பிடி ஒரு எண்ணம் வருதோ?' என்று. கேட்டால் எண்ணம் கூடும் என்று பயப்படுகிறார்கள், இல்லை, கேட்ட பிறகு பலருக்குப் பாரம் இறங்குகிறது. ஆளைத் தனியே விடமாட்டேன், வீட்டில் நம்பிக்கையான ஒருவரைக் கூப்பிடுவேன், அன்றைக்கே ஆஸ்பத்திரி. 1926 தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இரவிலும் எடுப்பார்கள். முயற்சி செய்தவரைப் பொலிஸ் பிடிக்கும் என்று இன்னும் ஊரில் கதை இருக்கிறது, அதனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவே தயங்குகிறார்கள். அதைக் குற்றமாக வைத்திருந்த சட்டத்தை 1998இலேயே நீக்கிவிட்டார்கள். போகும் எல்லாக் கூட்டத்திலும் இதைச் சொல்லுகிறேன்.

இடமாற்றம் வருமா? தீவுக்குப் போட்டால்?

வரும். நெடுந்தீவு என்றால் குறிகட்டுவானில் படகு எடுக்க வேண்டும், காற்றுக் காலத்தில் படகு ஓடாது, திங்கள் போய் வெள்ளி வருகிற மாதிரித்தான் இருக்கும். ஆனாலும் முதல் நியமனம் தீவிலோ மருதங்கேணியிலோ கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அங்கேதான் உளநல ஆள் என்று ஒருவரே இருப்பார், எல்லாவற்றையும் பழகுவீர்கள்.

சம்பளம்?

அதே தரத்தில் இருக்கும் மற்ற அரச உத்தியோகத்தருக்கு என்னவோ அதுதான். வெளிக்களப் பெற்றோல் பல மாதங்களில் சொந்தக் காசு.

ஆண்பிள்ளைகள் வரலாமா?

தயவுசெய்து வாருங்கள். குடியை விட நினைக்கிற ஒரு தகப்பன், வெளிநாட்டு முகவரிடம் காசு விட்டு ஏமாந்த ஒரு பெடியன், இவர்கள் எனக்கு முன்னால் இருந்து தரையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். ஒரு ஆணிடம் சொல்லுவார்கள். ஆள்தான் இல்லை.

உங்களுக்கே மனம் களைக்காதா?

களைக்கும். நாலாம் வருடம் ஒரு சிறு பிள்ளையின் விசயம் கேட்ட பிறகு எனக்கு ஒரு மாதம் சோறு இறங்கவில்லை, வீட்டில் என் பிள்ளை மேல் எரிந்து விழுந்தேன். அப்போதைய மேலதிகாரி 'பழகிப் போகும்' என்றார். பழகக் கூடாது, யாரிடமாவது கதைக்க வேண்டும். இப்போது பக்கத்துச் செயலகங்களில் இருக்கும் மூன்று பேர் நாங்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை கூடி, பெயர் சொல்லாமல் கதைக்கிறோம். உத்தியோகபூர்வ ஏற்பாடு ஒன்றும் இல்லை, நாங்களாகவே தொடங்கியது. சேருகிறவர்கள் முதல் மாதத்திலேயே அப்படி ஒரு ஆளைத் தேடிவையுங்கள்.

ஒரு குடும்பத்தோடு வேலை எப்போது முடியும்?

மேலே இருந்து வருகிற படிவத்தில் 'நிறைவு செய்யப்பட்டவை' என்று ஒரு நிரல் இருக்கிறது. அதை நிரப்பும்போதுதான் எனக்கு அதிக நேரம் எடுக்கும். படிப்பை விட்டு, குளிக்காமல், கதவைப் பூட்டிக்கொண்டு இருந்த ஒரு பெடியன் வீட்டுக்கு முதல் ஆறு மாதம் போனபோது நான் கண்டது கதவை மட்டும்தான். தாயோடு குசினித் திண்ணையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, கதவைப் பார்த்து 'தம்பி, நான் போட்டு வாறன், வாற மாதம் இரண்டாம் செவ்வாய் வருவன்' என்று சொல்லிவிட்டு வருவேன். சொன்ன செவ்வாய் போவேன். மழை என்றாலும் போனேன், ஒரு தரம் போக முடியாமல் போனபோது தாய்க்குப் போன் எடுத்து அவனுக்குக் கேட்கும்படி சொல்லச் சொன்னேன். ஏழாம் மாதம் கதவு இடுக்கில் இருந்து 'மிஸ், இண்டைக்குச் செவ்வாய் இல்லையே, புதனெல்லோ' என்று குரல் வந்தது. நான்தான் நாள் மாறிப் போயிருந்தேன். இப்போது அவன் ஊசிக்குத் தானே பஸ் ஏறித் தெல்லிப்பழைக்குப் போகிறான். கோவை இன்னும் மேசையில்தான் இருக்கிறது, அடுத்த திகதி போட்டிருக்கிறேன்.